ஒன்றரை அங்குலம் குறைவு

மனிதனை அளந்து பார்த்து, நாளைக்கு அவன் என்ன ஆவான் என்பதை இன்றைக்கே எழுதிக் கொடுக்கும் அலுவலகம் ஒன்று அபுதாபியின் பட்டறைப் பகுதியான முசஃபாவில் இருக்கிறது. டயர்க் கடைக்கும் ரேடியேட்டர் பட்டறைக்கும் நடுவில், முதல் மாடி. இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை அதற்கு ‘ட்ரேட் டெஸ்ட் ரூம்’ என்று பெயர். வெல்டர் வந்தால் கையில் ராடைக் கொடுப்பார்கள். மேசன் வந்தால் பத்து வரிசை கல் கட்டச் சொல்வார்கள். வேலை தெரிந்தால் சைட்டுக்குப் போவான். தெரியாவிட்டால் ஹெல்பராகப் போவான். அவ்வளவுதான் முன்கணிப்பு.

பிறகு நிர்வாகம் ஓர் ஆலோசகரை வரவழைத்தது. அவர் மூன்று மாதம் தங்கி, சுவருக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்கச் செய்து, நாற்காலிகள் சிந்தனையைத் தடுக்கின்றன என்று சொல்லி அவற்றை அப்புறப்படுத்தி, ‘மனிதத் திறன் முன்கணிப்பு மற்றும் மேன்மைத் துறை’ என்று ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார். பலகை நீளமாக இருந்ததால் ஒரு ஜன்னலை அடைக்க வேண்டியிருந்தது. மேன்மை வந்த நாளிலிருந்து அந்த அறையில் காற்று வருவதில்லை.

கௌரிசங்கர் அங்கே மூத்த மதிப்பீட்டாளர். திருச்சிக்காரர். பத்தொன்பது வருஷ சர்வீஸ். முதுகைத் திருப்பிக்கொண்டு வெல்டிங் சத்தத்தை மட்டும் கேட்டு, ஆள் தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிடுவார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. ஆனால் புதிதாக வந்த முன்கணிப்புத் தலைமை அதிகாரி ரிஷி, இந்தத் திறமைக்கு ஆவணம் எதுவும் இல்லை என்பதைக் கண்டுபிடித்தார். ஆவணம் இல்லாத திறமை துறையின் தரக் கொள்கைக்கு முரணானது. ஆகவே கௌரிசங்கருக்குப் படிவம் 114 வழங்கப்பட்டது. அதில் நூற்றுப் பதினான்கு கேள்விகள். எழுபத்தாறாவது கேள்வி, ‘விண்ணப்பதாரர் தம்மை எந்த விலங்காகக் கருதுகிறார்?’ என்பது. வெல்டர்களில் பெரும்பாலோர் கழுதை என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மதிப்பெண் அதிகம்.

ரிஷிக்கு முப்பத்தொரு வயது. கோட்டும் சூட்டும் போட்டு, கீழே ஓட்டப்பந்தய வீரரின் வெள்ளை ஷூ அணிந்திருப்பார். அவர் ஓடிப் பார்த்தவர் யாருமில்லை.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“ஜென்டில்மென், நாம வெல்டரைத் தாண்டிப் போறோம்.”

துபாயில் சில முதலீட்டாளர்கள் சேர்ந்து, வளைகுடாவில் அமெரிக்கக் கால்பந்துத் தொடர் ஒன்றை ஆரம்பிக்கப்போகிறார்களாம். ஏசி போட்ட ஸ்டேடியம், எட்டு அணிகள். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி முடித்த பையன்களைக் கொண்டுவந்து, அவர்களில் யார் தொழில்முறை ஆட்டத்தில் தேறுவார்கள் என்று சுதந்திரமான முன்கணிப்பு வாங்க வேண்டும். மதிப்பீட்டு ஒப்பந்தம் நம் துறைக்குக் கிடைத்திருக்கிறது. ஏன் நமக்கு என்று கௌரிசங்கர் கேட்டார். நம்மிடம்தான் நூற்றுப் பதினான்கு கேள்விகள் இருக்கின்றன, போட்டிக்கு வந்த இன்னொரு கம்பெனியிடம் தொண்ணூறுதான் என்றார் ரிஷி.

“முதல் ஆள் டெஸ்மண்ட். வயசு இருபத்து மூணு. பாஸ் ரஷர்.”

கலீலுர் ரஹ்மான் கையைத் தூக்கினார். அவர் கம்பெனியின் பி.ஆர்.ஓ. விசா, மெடிக்கல், கேட் பாஸ் என்று அரசாங்கக் கவுண்டர்களில் கம்பெனி சார்பாக முப்பது வருஷமாக நிற்பவர். கீழக்கரைக்காரர்.

“பாஸ் ரஷரா? அல்ஹம்துலில்லாஹ். இப்பத்தான் ஒரு உருப்படியான ஆளை எடுக்கிறீங்க. ருவைஸ் சைட்டுக்கு நாப்பது பேரோட கேட் பாஸ் மூணு வாரமா தொங்குது. அந்தத் தம்பியை நேரா எங்கிட்ட அனுப்புங்க. ரஷ் பண்ணி வாங்கிரலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு, பாஸ் ரஷர் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். ரிஷி ஒரு நிமிடம் யோசித்தார்.

“அதுவும் ஒரு கோணம். மினிட்ஸ்ல போட்டுக்கோங்க.”

அன்று சாயங்காலம் கௌரிசங்கர் வீட்டுக்கு வந்து, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் சம்யுக்தாவைக் கேட்டார். அபுதாபியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்குத் தெரியாத விளையாட்டெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் ஊறுகாய் பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தாள். அதற்கு முன்னால் வரிசையாக ஐந்து டம்ளர்.

“இந்த பாட்டில்தான் பந்தை எறியப்போறவன். டம்ளர் எல்லாம் அவனைக் காப்பாத்துற செக்யூரிட்டி. ஒவ்வொருத்தனும் நூத்தி நாப்பது கிலோ. இந்தக் கரண்டிதான் உங்க ஆள். பந்து பாட்டில் கையை விட்டுப் போறதுக்குள்ள, டம்ளரைத் தாண்டி வந்து பாட்டிலைச் சாய்க்கணும். தட்ஸ் இட்.”

“இதுல கால்பந்து எங்க வருது?”

“பேர்ல மட்டும்தான் வரும்.”

“ஊறுகாய் பாட்டிலைச் சாய்ச்சே, சாப்பாடு கிடையாது” என்றாள் மனைவி ஜெயலட்சுமி அடுக்களையிலிருந்து.

சம்யுக்தா செல்போனில் டெஸ்மண்டின் கல்லூரி ஆட்டத்தைப் போட்டுக் காட்டினாள். கௌரிசங்கர் முதல் தடவை பார்த்தபோது ஒன்றும் புரியவில்லை. இரண்டாவது தடவை பந்தை விட்டுவிட்டு அந்தப் பையனின் காலை மட்டும் பார்த்தார். மூன்றாவது தடவை பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எதிரில் நிற்கும் மலை அசைவதற்கு முன்பே இவன் முதல் அடி எடுத்து வைத்துவிடுகிறான். அந்த அடியிலேயே எதிராளி தோற்றுப்போகிறான், மற்றதெல்லாம் சும்மா நடந்து முடிகிறது. நல்ல வெல்டர் ராடைத் தட்டிப் பற்றவைக்கும் முதல் நொடியில் இதே மாதிரி ஒன்று இருக்கும்.

“பிரமாதமான பையனா இருக்கானே. அமெரிக்காவில ஏன் யாரும் எடுக்கலை?”

“கை சின்னதுன்னு சொல்லிட்டாங்கப்பா.”

“கையால என்ன பண்ணணும்?”

“எதிர்ல நிக்கிறவனைத் தள்ளணும்.”

“தள்ளுறானே!”

“தள்ளுறான். ஆனா சின்னக் கையால தள்ளுறான். பெரிய கையால தள்ளினாத்தான் கணக்கு.”

டெஸ்மண்ட் அடுத்த வாரம் வந்து சேர்ந்தான். கதவை ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது. டீ கொண்டுவந்தவர் உட்பட எல்லோருக்கும் கைகொடுத்தான். ஒஹையோவில் ஒரு சின்ன ஊர். அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளாம். சொந்த நாட்டில் முப்பத்தி சொச்சம் அணிகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால், தொழில்முறை ஆட்டக்காரனாவதற்கு இந்த அலுவலகத்தைத்தான் நம்பி வந்திருந்தான். கௌரிசங்கருக்கு அதைக் கேட்கவே சங்கடமாக இருந்தது. இப்படி நம்பி வருபவர்களைப் பார்த்தால் அவருக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

முதலில் மெடிக்கல். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் கணினியில் போட்டார்கள். ‘மிகை உடல் பருமன். தினமும் இருபது நிமிடம் நடக்கவும். அரிசி, உருளைக்கிழங்கு தவிர்க்கவும்’ என்று வந்தது. டெஸ்மண்ட் அந்தக் காகிதத்தை மரியாதையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அடுத்தது விசா. தொழில்களின் பட்டியலில் கலீலுர் ரஹ்மான் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினார்.

“பாஸ் ரஷர்னு ஒண்ணு மாஃபி, கிடையவே கிடையாது, கௌரி சார். பேக்கர் இருக்கு, பார்பர் இருக்கு, ஒட்டகம் மேய்க்கிறவர் இருக்கு. ஆளைச் சாய்க்கிறவருன்னு அரசாங்கப் பட்டியல்ல எப்படிப் போடுவாங்க? நான் ‘கேட் பாஸ் உதவியாளர்’னு போட்டுட்டேன். கிட்டத்தட்டச் சரியா வரும்.”

பிறகு நேர்காணல். ரிஷி நின்றுகொண்டே கேட்டார், டெஸ்மண்ட் நின்றுகொண்டே பதில் சொன்னான். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது என்றாலும் அதனால் தெளிவு எதுவும் கூடிவிடவில்லை.

“அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்கே பார்க்கிறீங்க?”

“பந்து எறியறவன் மேல.”

“இல்ல, வாழ்க்கையில?”

“வாழ்க்கையிலயும் அங்கதான் சார்.”

“உங்க பலவீனம் என்ன?”

“இடது முழங்கால். ரெண்டு வருஷம் முன்னாடி ஆபரேஷன் ஆச்சு. இப்ப நல்லா இருக்கு.”

ரிஷி வருத்தத்துடன் தலையை ஆட்டினார். இந்தக் கேள்விக்குச் சரியான விடை, ‘நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன்’ என்பது. வெல்டர்களுக்குக்கூடத் தெரிந்த விடை. ‘உண்மை பேசும் போக்கு காணப்படுகிறது, கண்காணிக்கவும்’ என்று குறிப்பு எழுதப்பட்டது. எந்த விலங்கு என்று கேட்டதற்கு டெஸ்மண்ட் வெகுநேரம் யோசித்துவிட்டு, “எனக்கு நாய் பிடிக்கும்” என்றான். அது விடையாக ஏற்கப்படவில்லை.

கை அளப்பதற்குப் பழனிச்சாமியைக் கூப்பிட்டார்கள். அரியலூர்ப் பக்கம். சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். இன்ச் டேப் அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும். தோள் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை மூன்று தடவை அளந்தார். மூன்று தடவையும் முப்பத்திரண்டரை அங்குலம்.

ரிஷி சுவரில் படம் காட்டினார். அமெரிக்காவில் பெயர் வாங்கிய ஆட்டக்காரர்களின் கைகள் மட்டும் வரிசையாக இருந்தன.

“வேர்ல்ட் கிளாஸ் அளவு முப்பத்தி நாலு. ஒன்றரை அங்குலம் ஷார்ட்.”

“சார், இந்தப் புள்ளயோட கை எந் தொடை மொத்தம் இருக்கு” என்றார் பழனிச்சாமி. “இதைப் போயி சின்னக் கைங்கிறீங்க?”

“மொத்தம் கேள்வியில இல்லை.”

மைதானச் சோதனை பட்டறைக்குப் பின்புறம் நடந்தது. திறப்பு விழாக்களுக்கு விரிக்கும் பச்சைக் கம்பளத்தைத் தரையில் போட்டிருந்தார்கள். நாற்பத்தொரு டிகிரி வெயில். தடுப்பாட்டக்காரர்களுக்கு எங்கே போவது? பழனிச்சாமியும் அவர் ஆட்கள் நான்கு பேரும் கேம்ப்பிலிருந்து மெத்தைகளைக் கொண்டுவந்து மார்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பந்தோடு கலீலுர் ரஹ்மான் நின்றார். எறிய வேண்டிய அவசியமில்லை, எறிவதுபோல் கையைத் தூக்கினால் போதும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ரிஷி விசில் ஊதினார். கலீலுர் ரஹ்மான் கையைத் தூக்கினார். தோளில் ஏதோ பட்டது என்று திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் டெஸ்மண்ட் நின்றிருந்தான்.

“ஸாரி சார்” என்றான்.

“சார், நான் இன்னும் மூச்சே இழுக்கலை” என்று பழனிச்சாமி முன்பக்கம் பார்த்தபடியே சொன்னார். ஆள் தாண்டிப் போனது அவருக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது தடவை ஐந்து பேரும் கையோடு கை கோர்த்துக்கொண்டார்கள். டெஸ்மண்ட் குனிந்து அக்குளுக்கு அடியில் நுழைந்து போய்விட்டான். மூன்றாவது தடவை பழனிச்சாமி ரோஷத்தோடு இரண்டு கையையும் விரித்து நேராக அவன்மேல் பாய்ந்தார். டெஸ்மண்ட் அவரை அப்படியே தூக்கி, கேஸ் சிலிண்டரை இறக்கி வைப்பதுபோல் ஓரமாக வைத்து, நழுவிய மெத்தையைச் சரிசெய்துவிட்டு, பிறகு போய்க் கலீலுர் ரஹ்மானைத் தொட்டான். அதற்கும் சேர்த்து இரண்டரை விநாடிதான் ஆயிற்று. சாரம் கட்டும் ஆட்கள் விசிலடித்தார்கள். கௌரிசங்கருக்கு உடம்பு சிலிர்த்தது.

ரிஷி மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிவத்துல ‘பணியைக் குறைந்தது பதினைந்து நிமிடம் கவனிக்கவும்’னு இருக்கு. ரெண்டு செகண்ட்ல நான் எதைக் கவனிக்கிறது?”

“சார், அது வெல்டிங்குக்குப் போட்ட விதி” என்றார் கௌரிசங்கர்.

“விதி விதிதான். கொஞ்சம் மெதுவா செய்யச் சொல்லுங்க.”

மெதுவாகச் செய்யும்படி டெஸ்மண்டைக் கேட்டார்கள். அவனுக்குப் புரியவில்லை. இரண்டாம் தடவை கேட்டார்கள். நல்ல பையன், சரியென்று நடந்தே வந்தான். பழனிச்சாமி எட்டிக் கையைப் பிடித்துக்கொண்டார். உடனே ரிஷி எழுதினார்: ‘சாரம் கட்டும் தொழிலாளர் ஒருவரால் வெற்றிகரமாகத் தடுத்து நிறுத்தப்பட்டார்.’

கடைசியாகக் கணினி. துறையிடம் ஒரு மென்பொருள் இருந்தது. வந்த ஆளை, இதற்கு முன் சோதித்த நாற்பத்தோராயிரம் பேரோடு ஒப்பிட்டு, இவன் யாரைப் போல் வருவான் என்று அது சொல்லும். அந்த நாற்பத்தோராயிரம் பேரில் வெல்டர், மேசன், டிரைவர், பெயின்டர் எல்லாம் உண்டு. டெஸ்மண்டின் விவரங்களைப் போட்டதும் அது சிறிது நேரம் சுற்றிவிட்டு அறிவித்தது: ‘நெருங்கிய ஒப்பீடு: ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். சுவரை இடித்துக்கொண்டு வெளியே போனவர். பரிந்துரை: வேண்டாம்.’

ரிஷி அந்த வரியைப் பரவசத்தோடு பார்த்தார்.

“கௌரி சார், இதுதான் டேட்டாவோட பவர்.”

கௌரிசங்கர் மூச்சை இழுத்து விட்டார். பத்தொன்பது வருஷத்தில் மேலதிகாரியை அவர் எதிர்த்துப் பேசியது இரண்டு தடவைதான். இரண்டும் லீவு சம்பந்தப்பட்டவை.

“சார், நாம நேர்ல பார்த்தோம். அஞ்சு பேரையும் தாண்டிப் போறான். மூணு தடவையும் போனான்.”

“போறான், ஒத்துக்கிறேன். ஆனா எதை வெச்சுத் தாண்டிப் போறான்? கை நீளம் இல்லை. உடம்பு பருமன். முழங்கால் வீக். ஒப்பீடு ஃபோர்க்லிஃப்ட். தாண்டிப் போறதுக்கு அவன்கிட்ட ஆதாரம் எதுவுமே இல்லையே? ஆதாரமில்லாம தாண்டிப் போறவனை நம்பி எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“நான் போடுறேன் சார்.”

ரிஷி சிரித்தார். தோளில் கை வைத்தார். “போடலாமே. உங்க காண்ட்ராக்ட் ரின்யூவலும் என் டேபிள்லதான் இருக்கு. பொண்ணு அடுத்த வருஷம் பன்னெண்டாவது இல்லையா? நடுவுல ஸ்கூல் மாத்துறது குழந்தைங்களுக்கு ரொம்பக் கஷ்டம்னு சொல்வாங்க.”

கௌரிசங்கர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். அறிக்கையின் முடிவுரையை அவர்தான் எழுத வேண்டும் என்பது விதி. ‘விண்ணப்பதாரரின் கை நீளம் ஒன்றரை அங்குலம் குறைவாக இருப்பதாலும், பணியைக் குறித்த காலத்துக்கு மிக முன்னதாகவே முடித்துவிடும் பழக்கம் உள்ளவர் என்பதாலும், தொழில்முறை ஆட்டத்தில் இவருக்கு எதிர்காலம் இல்லை எனக் கணிக்கப்படுகிறது. பாஸ் பிரிவில் காலியிடம் இருப்பின் பரிசீலிக்கலாம்.’ கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினார்.

டெஸ்மண்ட் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தான். காகிதத்தை வாங்கிப் படித்தான். கத்தவில்லை, எதையும் தூக்கி வீசவில்லை. கௌரிசங்கரின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்:

“சார், நீங்க அங்க நின்னுகிட்டிருந்தீங்க. பார்த்தீங்கதானே?”

கௌரிசங்கர், விமான நிலையத்துக்குக் கம்பெனி வண்டி மூன்று மணிக்கு வரும் என்றார். பாஸ்போர்ட் பத்திரம் என்றார். அன்று மத்தியானம் கொண்டுவந்த தயிர்சாதத்தை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார்.

“என்னாச்சு அந்தக் கரண்டிக்கு?” என்று சம்யுக்தா கேட்டாள்.

“படி, போ” என்றார்.

ஊருக்குத் திரும்பிய டெஸ்மண்ட் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தான். செப்டம்பரில், அமெரிக்க அணி ஒன்றில் அடுத்தடுத்து மூன்று பேருக்குக் காலில் அடிபட்டது. அவர்கள் கிடைத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அவசரத்தில் கையை அளக்க மறந்துவிட்டார்கள். முதல் ஆட்டத்தில் டெஸ்மண்ட் பந்து எறிபவனை மூன்று தடவை சாய்த்தான். டிசம்பருக்குள் பதினாலு தடவை. டெலிவிஷனில் அவனை வைத்துப் பெரியவர்கள் எல்லாம் விவாதித்தார்கள். சின்னக் கை இருப்பதால்தான் தாழ்வாக நுழைய முடிகிறது, இதை நாங்கள் அப்போதே சொன்னோம் என்றார்கள். அடுத்த வருஷம் கல்லூரிகளில் குட்டைக் கை வைத்த பையன்களுக்கு ஏக கிராக்கி என்று சம்யுக்தா சொன்னாள்.

துபாய் முதலீட்டாளர்கள் கொதித்துப்போனார்கள். கைக்கு வந்தவனைத் திருப்பியனுப்பியது யார்? விசாரணைக் கமிட்டி அமைக்கப்பட்டது. கமிட்டியின் தலைவர் ரிஷி. தவறு நடந்த துறையைப் பற்றி அவரளவுக்கு அறிந்தவர் வேறு யாருமில்லை என்பதால் இந்த ஏற்பாடு. கௌரிசங்கர் வீட்டில் பெட்டி கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஜெயலட்சுமி திருச்சியில் பள்ளிக்கூடங்களை விசாரித்தாள்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நூற்று எண்பது பக்கம். சுருக்கம் இதுதான்: டெஸ்மண்டுக்கு எதிர்காலம் இல்லை என்று நம் துறை கணித்த நாள் வரை அவருக்கு எதிர்காலம் இருக்கவில்லை. கணித்த பிறகே வந்தது. ஆகவே நிராகரிப்புக்கும் வெற்றிக்கும் நேரடித் தொடர்பு நிரூபணமாகிறது. அவரைத் தேர்வு செய்திருந்தால் அவர் இந்நேரம் கேட் பாஸ் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். டெஸ்மண்டை உருவாக்கியது நம் துறை.

முதலீட்டாளர்கள் அதைப் படித்தார்கள். முழுதாகப் படிக்க நேரமில்லை, ஆனால் தாள் கனமாக இருந்தது. ஒரு பத்திரிகைக்காரர் டெஸ்மண்டிடம் வளைகுடா அனுபவத்தைப் பற்றிக் கேட்டபோது, அவன் தன் சுபாவப்படி, “அங்கே எல்லாரும் அன்பா இருந்தாங்க. டீ நல்லா இருந்துது” என்று சொல்லித் தொலைத்தான். அதைப் பெரிதாக அச்சடித்து அலுவலக வாசலில் மாட்டினார்கள். இன்னொரு ஜன்னலும் அடைபட்டது.

கௌரிசங்கருக்கு இரண்டு வருஷ ரின்யூவலும் ‘தலைமை நிராகரிப்பாளர்’ என்ற பதவியும் வந்தன. அவர் ரிஷியின் அறைக்குப் போய், “சார், நான் எழுதினது தப்பு” என்றார்.

“தெரியும் கௌரி சார். அந்தத் தப்பைச் சரியான நேரத்துல எழுதினீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதவி.”

அதன்பின் ‘மேன்மைக்கான நிராகரிப்புத் திட்டம்’ பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. எட்டு வயது முதல் பதினெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளை அழைத்து வரலாம். நூறு பேரில் முப்பது பேருக்குத்தான் நிராகரிப்புச் சான்றிதழ். மீதிப் பேருக்கு, ‘தேர்ந்தெடுக்கப்பட்டார், வாழ்த்துகள்’ என்று சாதாரணக் காகிதத்தில் அடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். துபாய் தேராவில் ஒரு மண்டபம் எடுத்தார்கள். தமிழ் அமைப்பு ஒன்று குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கி வைத்தது. கௌரிசங்கருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஷார்ஜாவிலிருந்தும் அஜ்மானிலிருந்தும் காலை ஆறு மணிக்கே வந்து வரிசையில் நின்றார்கள். குவைத்தில் ஃபர்வானியாவிலிருந்து ஒரு குடும்பம் விமானத்தில் வந்திருந்தது. நிராகரிப்புக்குப் பயிற்சி கொடுக்கும் வகுப்புகள் அதற்குள் மூன்று இடங்களில் ஆரம்பித்துவிட்டன.

இரண்டாவது சனிக்கிழமை, சுசீலா என்ற அம்மாள் மேசை முன்னால் நின்று அழுதாள். ஷார்ஜாவில் கணக்கு டீச்சராக இருப்பவள்.

“சார், எம் பையனைச் செலக்ட் பண்ணிட்டீங்களே. அவன் என்ன சார் தப்பு பண்ணினான்? எதிர் ஃப்ளாட் பொண்ணை ரிஜெக்ட் பண்ணியிருக்கீங்க. எம் பிள்ளை அதைவிட நல்லாப் படிப்பான். நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு லிஃப்ட்ல ஏறுறது?”

“அம்மா, உங்க பையன் நல்லா வருவான். நான் பேசிப் பார்த்தேனே. காகிதத்தை விடுங்க.”

“வருவான்னு நீங்க வாயில சொன்னா ஆச்சா? வரமாட்டான்னு எழுதித் தாங்க சார்!”

அன்று மத்தியானம் ஜெயலட்சுமி போன் செய்தாள். மெடிக்கல் கவுண்டரில் நிற்கும் கலீலுர் ரஹ்மானின் பேத்திக்குக்கூட நிராகரிப்பு கிடைத்துவிட்டதாம். “நீங்க அங்கேயே தலைமைன்னு உக்காந்துக்கிட்டு, நம்ம பொண்ணு செலக்ட் ஆகி நிக்கணுமா? என்ன அப்பா நீங்க?”

“அந்த ஆபீஸ்ல நடக்குறதெல்லாம் உனக்குத் தெரியும்தானே, ஜெயா?”

“தெரியும். ஊருக்கெல்லாம் தெரியுமா?”

மூன்று மணிக்குச் சம்யுக்தாவே வந்தாள். மற்றவர்களோடு வரிசையில் நின்றாள், கேள்விகளுக்குப் பதில் எழுதினாள். மென்பொருள் அவளைக் கூட்டிக் கழித்துப் பார்த்து, தேர்வு செய்தது. அந்தச் சனிக்கிழமைக்கான முப்பது நிராகரிப்பில் இருபத்தொன்பது முடிந்திருந்தன. முப்பதாவது, வரிசைப்படி, முசஃபாவில் கிரேன் ஓட்டும் ஒருவருடைய மகளுக்குப் போக வேண்டும். அந்தப் பெண் சற்றுத் தள்ளி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

கௌரிசங்கர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பிறகு கிரேன்காரரின் மகளைத் தேர்வு செய்தார். மகளின் பெயரை நிராகரிப்பில் எழுதினார். இந்த ஆட்டத்தையும் அந்த அலுவலகத்தையும் முதல் நாளிலிருந்தே கேலி செய்த பெண், மேசைக்கு மேலாகக் குனிந்து சான்றிதழை வரிவரியாகச் சரிபார்த்தாள்.

“அப்பா, ‘நிராகரிப்புக்கான காரணம்’ காலியா இருக்கே.”

“என்னன்னு போடட்டும்?”

“என்ன வேணும்னாலும் போடுங்க, யாரும் படிக்க மாட்டாங்க. சீல் மட்டும் தெளிவா விழணும்ப்பா. காலேஜ்ல அதைத்தான் பார்ப்பாங்க.”